மெத்தைப் பஞ்சு அடைத்த பெட்டி

பரளச்சியில் மதன்குமார் தன் கையால் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில், சீக்கிரம் சாகப்போகிறவர்களின் குரல் வலது பெட்டியில் மட்டும்தான் கேட்கும். மற்றவர்கள் பேசினால் இரண்டிலும் சமமாக, நடுவில் ஆள் நின்று பேசுகிற மாதிரி வரும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் அலறிக்கொண்டு ஓடியவர்களும் இவர்கள்தான்.

மதன்குமார் பருத்திக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாடி அறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட்டவன். ஆட்டோவில் கட்டி ஊர் ஊராக ஒலிக்கிற கடை விளம்பரமும் முளைப்பாரிப் பாட்டும்தான் தொழில். விளம்பரத்துக்கெல்லாம் குரல் கொடுத்தது அவன் பெண்டாட்டி யுவராணி. “வாங்கம்மா வாங்க” என்று அவள் கூப்பிட்டால் எம்.ரெட்டியபட்டியில் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். கடையில் விற்கிற ஸ்பீக்கர் குரலுக்குப் பவுடர் பூசித்தான் காட்டும், ஸ்டுடியோவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிற பெட்டி வேண்டும் என்று அவனே அளவு போட்டு, அருப்புக்கோட்டையில் கனமான பிளைவுட் அறுத்து, காற்றுத் துளைக்கு போர்வெல்லில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை வைத்து, எல்லாம் சரியாகத்தான் செய்தான். உள்ளே எதிரொலி அடங்கப் பஞ்சு அடைக்க வேண்டும். இடது பெட்டிக்குச் சொந்தக் காட்டுப் பஞ்சு போதுமாக இருந்தது. வலது பெட்டிக்குப் பற்றவில்லை. அந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? தெற்குத் தெரு ஐயாத்துரை செத்தபோது வழக்கப்படி ஊருக்கு வெளியே வீசிய மெத்தையைக் கிழித்து, அந்தப் பஞ்சை எடுத்து அடைத்தான். பருத்தி போடுகிற சம்சாரி புத்தி, பஞ்சு மண்ணில் கிடந்தால் மனசு தாங்காது.

முதலில், விளம்பரம் கொடுக்க வந்து மைக் முன்னால் பேசிய பாளையம்பட்டி மளிகைக்கடை பால்ச்சாமியின் குரல் வலப்பக்கம் ஒதுங்கியது. வயர் லூசு என்று மதன்குமார் மறுபடி ஈயம் வைத்தான். மறுவாரம் பால்ச்சாமி கல்லாவில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அடுத்து, முளைப்பாரிப் பாட்டுக்கு வந்த பொன்னுத்தாய். கூடப் பாடிய பெண்களெல்லாம் நடுவில் நிற்க, அவள் குரல் மட்டும் வலது ஓரத்தில் தனியாகப் பாடியது. அவளும் போனபிறகு ஊருக்கு விளங்கிவிட்டது. சொத்தைப் பாகம் பிரிப்பதற்கு முன்னால் பெற்ற அப்பனைக் கூட்டிவந்து மைக் முன்னால் பேர் சொல்ல வைத்தார்கள். “மாப்பிள்ளை குரலை ஒருக்கா கேட்டுட்டுப் பூ வைப்போம்” என்றார்கள். தூ, மனுசர்களா இவர்கள்! பெட்டியை உடைத்துப்போடு என்று சொன்னவர்களிடம் மதன்குமார், “அது உள்ளதைச் சொல்லுது, தப்பா?” என்று பெருமையாகக் கேட்டான். பிறகு பயம் முற்றி, அந்தத் தெருவில் சத்தமாக இருமக்கூட ஆளில்லாமல் போனது. விளம்பரத்துக்கு வந்த கடைக்காரர்கள் வாய் திறக்காமல் எழுதிக் காட்டினார்கள்.

போன பங்குனியில் திருச்சுழி ஜவுளிக்கடை ஒன்றுக்காக யுவராணி “வாங்கம்மா வாங்க” என்றாள். இடது பெட்டி வாயே திறக்கவில்லை.

“வயரு லூசு போல” என்றான் மதன்குமார்.

“ஏங்க, பொய் சொல்லாதீக. எனக்குமா?” என்றாள் அவள்.

அவன் ஓடிப்போய் ஸ்குரூடிரைவரை எடுத்தான். வலது பெட்டியின் திருகைக் கழற்றி ஐயாத்துரையின் பஞ்சை உருவினான். ஒரு பிடி வெளியே வந்ததுமே யுவராணிக்கு மூச்சு நின்றது. அலறிக்கொண்டு திரும்ப அடைத்ததும் மூச்சு வந்தது. இனி அந்தப் பெட்டியை உடைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. கடைசியில், எந்த ஸ்பீக்கர்காரனும் செய்யக்கூடாததைச் செய்தான். அந்தப் பெட்டிக்குப் போகிற சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தான். அப்படி மாற்றினால் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போகவேண்டிய நேரத்தில் வெளியே வரும். என் பெண்டாட்டியை இழுக்கிற பெட்டி இனிமேல் தள்ளட்டும் என்று நினைத்தான், பாவம்.

தள்ளத்தான் செய்தது. யுவராணி சாகவில்லை. ஆனால் அவள் தொண்டையில் சத்தம் இல்லை, வளையலில் இல்லை, நடையில் இல்லை. அவள் எங்கே நின்று பேசினாலும் பேச்சு அந்த இரண்டு பெட்டிகளிலிருந்துதான் வரும். பெட்டிக்குக் கரண்டு நின்றால் அவள் மூச்சும் நிற்கும். முதல் தடவை அப்படி ஆனபோது பக்கத்துவீட்டு மாரிசெல்வம்தான் டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியேறி ஓடிவந்தார். அதிலிருந்து மாதாந்திர மின்தடை அன்று, காலையிலேயே ஆளாளுக்குப் பேட்டரியோடு மதன்குமார் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காதுகுத்துக்கு வருகிற மாதிரி வருகிறார்கள். யுவராணி மோர் கொடுப்பாள். அவள் எதிரே நின்றாலும் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் மரியாதை. அணைக்காத மைக் எல்லார் பேச்சையும் வாங்கிப் பெட்டிக்குக் கொடுக்கும். வலப்பக்கம் யார் குரலாவது ஒதுங்கினால், அவரைக் காப்பாற்ற அந்த வயரைத் திருப்பி மாற்றிப் பார்க்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. மாற்றினால் யுவராணி போய்விடுவாள்.

இந்த மாதமும் கரண்டு போனது. பேட்டரியை மாட்டிவிட்டு மாரிசெல்வம் நிமிர்ந்தார்.

“மாமா, மோரு குடிக்கீகளா?” என்று இரண்டு பெட்டியும் கேட்டன.

“குடு தாயி, நல்ல வெயிலு” என்றார் மாரிசெல்வம். அது வலது பெட்டியில் மட்டும் கேட்டது.

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது. குனிந்து பேட்டரி கிளிப்பை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, டம்ளரை வாங்கிக் குடித்தார்.