விட்டுவிட்டு வரும் குரல்

திங்கட்கிழமை வேலைக்கான நேர்காணல் பாதியிலேயே நின்றுபோனது. தர்மினி தன் பழைய வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மடிக்கணினித் திரையில் கேள்வி கேட்ட தொழிற்சாலை அதிகாரி புவான் இல்ஹாமின் முகம் வாயைத் திறந்தபடியே அசையாமல் நின்றது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் போயிற்று. சற்று நேரத்தில் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் லைன் சரியில்லை, வியாழக்கிழமை மூன்று மணிக்கு மறுபடியும் பேசுவோம்.

நல்ல மனுஷி. ஆனால் இரண்டாவது தடவையும் இப்படி ஆனால் அவர் மூன்றாவது தடவை கூப்பிடப்போவதில்லை.

தர்மினி பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பழுதான மின்சுற்றுப் பலகைகள் அவள் மேசைக்கு வரும். எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அம்மா கமலாம்பிகைக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது அந்த வேலையை விட்டாள். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. சுங்கை பினாங்கில் பதினான்காவது மாடி வீடு. அம்மாவால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வரவே ஆள் வேண்டும்.

அண்ணன் ஸ்ரீகரன் மெல்பர்னில் இருக்கிறான். போன வருடம் வந்தபோது அம்மாவின் அறையில் ஒரு கேமராவும் கூடத்தில் ஒரு கேமராவும் மாட்டிவிட்டுப் போனான். அம்மாவுக்கு அதில் சந்தோஷம். காலையில் எழுந்ததும் கேமராவைப் பார்த்துக் கையாட்டுவாள், படுக்கும்போதும் கையாட்டுவாள்.

தர்மினிக்கு அது வேறு மாதிரி இருந்தது. மீன் வாங்கக் கீழே பாசாருக்கு இறங்கினால் போன் அடிக்கும். "எங்க இருக்க? அம்மா தனியா இருக்காங்களே." அதட்டமாட்டான், கேட்பான், அவ்வளவுதான். கூடத்து சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், "உடம்பு சரியில்லையா?" என்று செய்தி வரும். அவள் மெல்ல மெல்ல கூடத்தில் உட்காருவதையே விட்டாள். தேநீரைச் சமையலறையில் நின்றுகொண்டே குடிப்பாள். கேமரா அங்கே எட்டாது.

இந்த நேர்காணலைப் பற்றி அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் மடிக்கணினியைத்தான் சந்தேகப்பட்டாள். பழையது, தொழிற்சாலையில் இருந்தபோது வாங்கியது. தேவையில்லாத நிரல்களை மூடினாள். தானாக ஓடும் அப்டேட்டை நிறுத்தினாள். வைஃபை இணைப்பை அழித்துவிட்டு, கடவுச்சொல் போட்டு மறுபடி சேர்த்தாள். ஒரு தோழியை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். தோழியின் உதடுகள் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

போனில் பார்த்தாள். அதிலும் அதே கதை. அப்படியானால் மடிக்கணினி மேல் தப்பில்லை.

ரூட்டர் அம்மாவின் அறையில், அலமாரிக்குப் பின்னால் இருந்தது. சுவர் மறைக்கிறதோ என்று மடிக்கணினியை அங்கேயே தூக்கிக்கொண்டு போனாள். சிக்னல் கோடுகள் முழுதாக ஏறின. படம் அப்போதும் உறைந்தது. கடைசியில் ஒரு கேபிளைத் தேடி எடுத்து ரூட்டரிலிருந்து நேராக மடிக்கணினியில் சொருகினாள். மாற்றமே இல்லை. ஆக, வைஃபையும் இல்லை.

"என்ன பிள்ளை அங்க குடையிற?" என்றாள் அம்மா.

"லைன் ஸ்லோவா இருக்கும்மா. பார்க்கிறேன்."

"அண்ணாவைக் கேளு. அவனுக்குத் தெரியும்லா."

அவள் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் பாட்டைக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பையன் பேசினான். எங்கள் பக்கம் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றான். அதை அவள் காலையிலேயே செய்துவிட்டிருந்தாள்.

புதன்கிழமைதான் அவளுக்கு அது பிடிபட்டது. வேகத்தைச் சோதித்தபோது வீட்டுக்குள் வருவது நன்றாக வந்தது. வீட்டிலிருந்து வெளியே போவதுதான் அநேகமாக இல்லை. அதனால்தான் படம் பார்த்தால் ஓடுகிறது, பேசினால் அறுகிறது. வீட்டில் ஏதோ ஒன்று ஓயாமல் எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. பலகையில் கோளாறு பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டிவி. அம்மாவின் டேப்லெட். தன் போன். வேகம் அசையவில்லை. கூடத்துக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினாள், கொஞ்சம் ஏறியது. அம்மா அறைக் கேமராவையும் பிடுங்கினாள். எண் சட்டென்று உயர்ந்தது. திரும்பச் சொருகினாள், விழுந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதேதான்.

கேமரா ஒரு வருடமாக இருக்கிறது. இப்போது மட்டும் ஏன்? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். போன மாதம் அம்மா குளியலறையில் சறுக்கினாள். அதற்குப் பிறகுதான் எல்லாம் மெதுவானது. அண்ணன் அங்கிருந்தே ஏதோ மாற்றியிருக்கிறான். முன்பு அவன் திறந்து பார்த்தால் மட்டும் படம் போகும். இப்போது இரவும் பகலும் எல்லாமே போய்க்கொண்டிருக்கிறது. அவள் அம்மாவைத் தூக்குவது, துடைப்பது, சில நேரம் பொறுமையிழந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது. எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சற்று முன்னால் இரண்டு கேமராவையும் பிடுங்கினாள்.

"பச்சை லைட் போச்சே," என்றாள் அம்மா. "அண்ணா வேலை முடிஞ்சு பார்க்கிற நேரம் பிள்ளை."

"கொஞ்ச நேரம்தாம்மா. அப்புறம் போடுறேன்."

இம்முறை புவான் இல்ஹாமின் முகம் உறையவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் தர்மினி பதில் சொன்னாள். மூன்று ஆண்டுகள் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார்; சொன்னாள். ஒரே பலகை இரண்டு தடவை பழுதாகித் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, தன் குரல் பழையபடி ஆகிவிட்டதை அவளே கவனித்தாள். மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

பிறகு வெளிக்கதவு தட்டப்பட்டது. "தர்மினி! கதவைத் தொற! அம்மாவுக்கு என்னா ஆச்சு?" பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி. அவர் தட்டிய தட்டில் கம்பிக்கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து அம்மாவும் பயந்துபோய், "பிள்ளை, பிள்ளை," என்று கூப்பிட்டாள்.

தர்மினி பாதி எழுந்தாள். திரையைப் பார்த்தாள்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இருக்கிறேன்," என்றார் புவான் இல்ஹாம்.

ஜெயலெட்சுமி மூச்சு வாங்க நின்றார். "உங்க அண்ணன் போன் போட்டாரு. கேமரா ஆஃப், நீயும் எடுக்கலன்னு. நான் பயந்துட்டேன்லா."

"ஒண்ணும் இல்லக்கா. அம்மா நல்லா இருக்காங்க. கொஞ்சம் அவங்ககிட்ட உக்காருங்க, ப்ளீஸ். ஒரு வேலை விஷயமாப் பேசிக்கிட்டு இருக்கேன்."

ஜெயலெட்சுமி அவளை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பேச்சு முடிந்த பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எத்தனை தடவை அடிக்கிறது? என்னாதான் ஆச்சு?"

"நான்தான் கழட்டினேன். எனக்கு இன்டர்வியூ இருந்துச்சு. உன் கேமரா முழு லைனையும் எடுத்துக்குதுண்ணா."

"இன்டர்வியூவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. அப்ப அம்மாவை யாரு பார்க்கிறது?"

"செட்டிங்கை மாத்தினியே, அதை எங்கிட்ட சொன்னியா?"

"அம்மா விழுந்தாங்கல்ல. அதான்."

"விழுந்தப்ப தூக்கினது நான். பாத்ரூம்ல கேமரா இல்ல. அப்ப நீ அம்மாவைப் பார்க்க வச்சியா, என்னைப் பார்க்க வச்சியா?"

ரயில் நிலையத்து அறிவிப்புச் சத்தம் அவன் பக்கம் கேட்டது. "நான் இவ்வளவு தூரத்துல இருக்கேன் தர்மினி," என்றான் கடைசியில். "பார்க்கலன்னா எனக்குத் தூக்கம் வர்றது இல்ல."

அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை. "அம்மா ரூம்ல ஒண்ணு இருக்கட்டும். நீ திறக்கும்போது மட்டும் ஓடட்டும், கட்டிலை மட்டும் காட்டட்டும். கூடத்துல உள்ளதை நான் திரும்ப மாட்டமாட்டேன்," என்றாள். அவன் சரி என்று சொல்லவில்லை; ஆனால் அன்று சாயங்காலமே கேமராவின் செட்டிங்கை மாற்றினான்.

அடுத்த வாரம் புவான் இல்ஹாமிடமிருந்து பதில் வந்தது: வேலை உங்களுக்குத்தான். வாரத்தில் மூன்று நாள் தொழிற்சாலைக்கு வர வேண்டும், மீதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். தர்மினி சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தாள். யாரையும் கேட்காமல், வருகிறேன் என்று எழுதி அனுப்பினாள்.

அம்மாவிடம் சொன்னாள். "பகல்ல ஒரு ஆள் வச்சுக்கலாம்மா. ஜெயலெட்சுமி அக்கா தெரிஞ்சவங்க யாரையாச்சும் சொல்றேன்னாங்க."

"வெளி ஆளா? என்னைத் தூக்க, கழுவ?"

"மூணு நாள்தான்."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. தர்மினி அறை வாசலிலேயே நின்றாள். வேண்டாம், போகவில்லை என்று சொல்லிவிட்டால் இந்த நிமிடமே எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

கட்டிலருகே போய் அம்மாவின் இடுப்புக்கடியில் தலையணையைச் சரிசெய்து, மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வழக்கம்போல ஒரு கையைத் தூக்கி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. அதை விடுவிக்காமல் தர்மினி அப்படியே குனிந்து நின்றாள், முதுகு வலிக்கும்வரை.