ஆலங்கட்டி வருஷத்து ஒயின்

செகோந்தோ அந்த பாட்டிலைத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவள் வந்து சேர்வதற்குள் அவர் செத்துப்போயிருந்தார்.

சாவு எல்லா வீட்டிலும்தான் விழுகிறது. ஆனால் திறந்த பாட்டில் ஒன்று அடுக்களை அலமாரியில் நின்றுகொண்டிருந்தால், அதுவும் இருபது வருஷத்துக்கு மேல் இருட்டில் படுத்துக் கிடந்த பரோலோ ஒயினாக இருந்துவிட்டால், அந்த இழவு வீட்டில் நிம்மதியாக அழக்கூட முடியாது. தக்கை மூடியிருக்கும்வரை அந்த ஒயின் எத்தனை காலமும் காத்திருக்கும். தக்கையை உருவிவிட்டால் ஒன்றிரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று. அப்புறம் அது காடி. வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இந்தக் குன்றிலேயே குடித்தனம் செய்கிற ஒட்டாவியாவுக்கு அது தெரியாதா? புருஷனுக்கு நல்ல கோட்டு மாட்டிவிடும்போதும், பாதிரியாருக்கு ஆள் அனுப்பும்போதும், அவள் கண் அலமாரிப் பக்கம் போய்ப் போய் வந்தது. அப்படிப் போவதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அது ஆலங்கட்டி வருஷத்து ஒயின். அந்த வருஷத்துக்கு செர்ரலுங்கா ஊரில் இன்றைக்கும் அதுதான் பெயர்.

அந்த அக்டோபரில் ஊரில் பாதிப்பேர் பறிப்பைத் தொடங்கிவிட்டார்கள். நெபியோலோ திராட்சை பார்வைக்கு நன்றாகக் கறுத்திருந்தது. நாமும் பறிக்கலாம் என்றார் செகோந்தோ. பத்தொன்பது வயது மிலேனா ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றுவிட்டு, "இன்னும் பழுக்கலப்பா. ஒரு வாரம் விடுங்க" என்றாள். கடவுளே இறங்கி வந்து சொன்னாலும் கேட்காத மனுஷன், என்ன தோன்றியதோ, மகள் சொன்னதைக் கேட்டார். அந்த வாரம் முடிகிற அன்றைக்கு வானம் பிளந்துகொண்டு ஆலங்கட்டி கொட்டியது. ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்தான். முக்கால்வாசித் தோட்டம் தரையில் கிடந்தது.

பறிக்க வந்த ஆட்கள் அத்தனை பேரும் முற்றத்தில் நின்றார்கள். அவர்கள் காது கேட்க, "பொட்டப்புள்ள பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார் செகோந்தோ. மிலேனா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அந்தக் குளிர்காலமே ஜெனோவாவுக்குப் படிக்கப் போனாள்; படித்து, அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு அமர்ந்துகொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், ஈஸ்டருக்கு வருவாள். அப்பாவும் மகளும் பனியைப் பற்றியும் கார் டயரைப் பற்றியும் பேசுவார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒயின் சுற்றி வரும்போது அவள் தன் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வாள். ஒருதடவைகூட அந்தக் கை விலகியதில்லை.

தப்பிப் பிழைத்த கால்வாசிப் பழத்தைச் செகோந்தோ தனியாகப் பிழிந்து வைத்தார். விற்கவில்லை. விற்றிருந்தாலும் வாங்குவார் இல்லை, அப்படியொரு துவர்ப்பு. ஒரு மடக்குக் குடித்தால் நாக்கு போய் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நவம்பரிலும் புனித மார்ட்டின் நாளுக்கு ஒரு பாட்டிலைத் திறப்பார், முகத்தைச் சுளிப்பார், பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கை பியெரினாவிடம் "இந்தா, எறைச்சிக்கு ஊத்திக்கோ" என்று தள்ளிவிடுவார். வருஷா வருஷம் இதே கூத்துதான்.

போன நவம்பரில் மட்டும் பியெரினாவுக்கு பாட்டில் வரவில்லை. செகோந்தோ நிலவறைக்குள் போனவர் வெகுநேரம் மேலே ஏறி வரவில்லை. வந்தபோது கையில் காலி பாட்டில் இருந்தது. ஒட்டாவியா ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அடுக்கி வைத்த விறகு குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, போன் மணியடித்தால் பெண்டாட்டியிடம் நீட்டுகிறவர் தானே எண்ணைச் சுழற்றி, "பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை வா. ஒண்ணு குடிச்சுப் பாக்கணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பாட்டில். மண்டி அடியில் படியட்டும் என்று வியாழக்கிழமையே அதை நிமிர்த்தி வைத்தார். ஞாயிறு காலை தக்கையை எடுத்து, கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார். அடுப்படியிலிருந்து ஒட்டாவியா, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அவ வந்து சொல்லட்டும்" என்றார் செகோந்தோ, முதுகைக் காட்டிக்கொண்டே.

அவள் அவர் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கார் வருகிறதா பார்க்கிறேன் என்று வெளியே போனவரைத் தோட்டத்து முதல் வரிசையில், ஒரு கம்பத்தில் சாய்ந்தபடி கண்டெடுத்தார்கள்.

அன்று சாயங்காலம், வந்தவர்கள் கொஞ்சம் கலைந்ததும், ஒட்டாவியா மகளை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். மிலேனாவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"இது உனக்காகத் திறந்தார்டி."

"எந்த வருஷம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒட்டாவியாவுக்குப் பொய் வராது. "ஆலங்கட்டி வருஷம்" என்றாள்.

மிலேனா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதானே பாத்தேன். அவ்வளவு தூரத்துலேருந்து வரவழைச்சு, இந்தா, நீ கெடுத்த கெடுதி, குடிச்சுப் பாருன்னு நீட்டறதுக்கா? இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"அப்படி இருக்காதுடி."

"வேற எப்படின்னு சொன்னாரா?"

"எப்படி இருக்குன்னு கேட்டேன். அவ வந்து சொல்லட்டும்னார்."

"பாத்தியா! என் வாயாலயே ஒத்துக்க வைக்கணும் அவருக்கு. செத்தும் விடமாட்டேங்கறாரே, அம்மா."

ஒட்டாவியாவுக்கே தெரியாதே! அந்த வார்த்தையை அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, கறுவிக்கொண்டு சொன்னாரா? முகத்தை இந்தப் பக்கம் திருப்பி நின்றிருந்தால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? செத்தவரை வைதால் பாவம் என்று தெரிந்தும் மனசுக்குள் வைதாள். இந்தக் குன்றுகளில் ஆண்பிள்ளைகளுக்கு ஒயினைத் தவிர வேறு எதையும் திறந்துகாட்டத் தெரியாது. தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்தான். ஆனால் அவ வந்து சொல்லட்டும் என்றாரே ஒழிய, நீ சொல் என்று சொல்லவில்லையே. மகளுக்கு வந்த கடிதத்தை இவள் எப்படி முதலில் பிரிப்பது?

திங்கட்கிழமை காலை பாட்டிலின் வாயருகே மூக்கை மட்டும் கொண்டுபோனாள். முந்தின நாள் இரும்பும் ஈரச்சுவருமாக இறுகிக் கிடந்த வாசனை இப்போது விரிந்திருந்தது. காய்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், புதுத் தார், அதற்கும் கீழே மழை நனைத்த காட்டு மண். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"குடிக்க வேண்டாம். முகர்ந்தாவது பாரு. நாளைக்கு மேல தாங்காதுடி."

"கீழ அப்பா பெட்டியில படுத்திருக்கார். நீ பாட்டிலைத் தூக்கிட்டு என் பின்னாடியே வர்றே. உனக்கே நல்லா இருக்காம்மா?"

ஒட்டாவியா கூனிக்குறுகிப் போனாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று, நிலவறைப் படிக்கட்டின் மேல், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக ஓர் இடம் பார்த்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள்?

செவ்வாய்க்கிழமை அடக்கம். டூரினிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற பொறுப்பைப் பியெரினா ஏற்றுக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குச் செய்கிற கடைசிக் காரியம் என்று முந்தின நாளே மாட்டிறைச்சியை ஒயினில் ஊறப்போட்டு, விடிந்ததும் அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும், மதுக்கடை எர்மானோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மிலேனாவிடம் வந்தான்.

"உங்கப்பா போன வாரம் கடையில இருந்த எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தார், தெரியுமா?"

"எங்கப்பாவா?"

"செகோந்தோவேதான்! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னய்யா, சுரங்கத்துல தங்கம் கெடச்சுதான்னு கேட்டோம். எம் பொண்ணு வர்றான்னார். அதுக்கு மேல வாயைத் திறந்தாத்தானே! ரெண்டு தடவை சொன்னார். எம் பொண்ணு வர்றா, எம் பொண்ணு வர்றான்னு."

திரும்பி வரும் வழியில் மிலேனா ஒரு திருப்பத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த பாட்டில் எங்கம்மா?"

"இருக்கு."

"கெட்டுப்போயிருக்குமா?"

"இன்னைக்கு இருக்கும். இன்னைக்குத்தான் நல்லா இருக்கும்" என்றாள் ஒட்டாவியா. கிழவி அந்த ஏற்றத்தில் மகளைவிட வேகமாக நடந்தாள்.

வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் பாட்டில் இல்லை. ஒட்டாவியா கூடையை நகர்த்திப் பார்த்தாள். படிக்கட்டில் குனிந்து பார்த்தாள். அடுக்களைக்கு வந்தாள். பாட்டில் வாசல்கதவுக்குப் பக்கத்தில், தூக்கிப்போட வைத்த காலி பாட்டில்களோடு நின்றது.

"அதுவா அண்ணி?" என்றாள் பியெரினா, பெரிய பானையைக் கிளறிக்கொண்டே. "காலையில எறைச்சி மேல வந்துடுச்சு, ஒயின் பத்தல. வெங்காயம் எடுக்கப் போனா இது திறந்து கெடக்கு, எத்தனை நாளாவோ! காடியாப் போறதுக்கு முன்னாடி உதவட்டுமேன்னு ஊத்திட்டேன். ஆலங்கட்டி வருஷம்தானே, எப்பவும் எங்கிட்டதானே வரும்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திறந்த பாட்டிலைக் காடியாக விடுவது இந்த ஊரில் ரொட்டியை மிதிப்பதற்குச் சமம். இருந்தாலும் ஒட்டாவியாவுக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவள் தலையிலேயே போடலாம் போலிருந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மிலேனா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கோணிப்போய், மேலங்கியின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்ன? என்ன பண்ணிட்டேன் நான்?"

"அது அப்பா எனக்காகத் திறந்தது, அத்தை."

பியெரினாவின் கையிலிருந்து கரண்டி நழுவிவிட்டது. "ஐயோ! எங்கண்ணன் கையால கடைசியாத் திறந்ததையா? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த வீட்ல யாரும் எதையும் வாயைத் திறந்து சொல்லவே மாட்டீங்களா?" என்று ஏப்ரனைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மண்டியை ஊத்தல. மண்டியைப் போய் யாராவது எறைச்சியில ஊத்துவாங்களா, கசந்துடுமே" என்றாள்.

ஒட்டாவியா எழுந்து பாட்டிலை எடுத்துச் சாய்த்தாள். கோப்பையில் இரண்டு விரல் அளவு இறங்கியது. செங்கல்லைக் கரைத்த மாதிரி கலங்கல். அடுத்த அறையில் டூரின்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தமும், வாசனைக்கு யாரோ பெருமூச்சு விடும் சத்தமும் கேட்டன. இத்தனை வருஷம் கையால் மூடிய கோப்பையை மிலேனா இரண்டு கையாலும் வாங்கினாள். மூக்கருகே வைத்தவள் அப்படியே நின்றாள். ஒட்டாவியா மகளின் முகத்தையே பார்த்தாள். புருஷனின் முகத்தில் அன்றைக்குப் பார்க்க முடியாததை இதில் தேடினாள்.

மிலேனா குடித்தாள். பல்லில் நெறுநெறுவென்று மண்டி அகப்பட்டது. அதை மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தையும் குடித்தாள்.

"துவர்ப்பு எங்கம்மா போச்சு? பட்டு மாதிரி இருக்கு. மண்டியே இப்படி இருக்குன்னா... இது நல்லாப் பழுத்த பழம்மா. காய் இல்ல. அப்பவே பழுத்திருக்கு."

கோப்பையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஈரத்தை ஒட்டாவியா விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். இந்த வீட்டு நிலவறையிலிருந்து இப்படி ஒன்று ஏறி வந்ததே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிடத்தான் கிழவர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வழி பார்த்திருக்கிறார். நவம்பரிலேயே தெரிந்திருக்கிறது அவருக்கு. அப்போதே போனை எடுத்து நாலு வார்த்தை பேசியிருந்தால்! சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார். சொல்வதற்கு இனி அவள் ஒருத்திதான்.

"நீ சொன்னதுதான்டி சரி. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி" என்றாள்.

மிலேனா உதட்டில் ஒட்டியிருந்த மண்டியைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றாள்.