சுவருக்கு உள்ளே இருக்கும் தண்ணீர்

ஒனாலென்னா கொண்டுவந்த தீர்மானம் நகராட்சிக் கூட்டத்தில் ஒரே ஓட்டில் தோற்றது. தோற்றதுகூட அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த ஒரு ஓட்டு தன் கட்சிக்காரருடையது என்பதுதான் வலித்தது.

தென்னாப்பிரிக்கச் சிற்றூரான சாண்ட்ருஸ்டில் கோடை வந்தால் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். மேட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம். கீழ்ப் பகுதியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவே கடைத்தெருவில் முடி பின்னும் கடை வைத்திருந்தாள் ஒனாலென்னா. அங்கே தலையைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அவளைத் தேர்தலில் நிறுத்தினார்கள். "இவ்வளவு பெரிய வாயை எங்க தலைக்கு மேலயே திறந்து வீணாக்குறியே, போய் நகராட்சியில திற" என்றார்கள். போய்த் திறந்தாள். ஜெயித்தும் விட்டாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பொனோலோ. மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தன் மகன் ஒராடிலேயையும் வேலைக்குக் கூட்டிப் போனாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு. அவள் உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு பிள்ளைகளை எடுப்பதில்லை.

துக்கத்துக்குத் தலை மழிக்கும் வழக்கப்படி பொனோலோவின் தலையை மழித்தவள் ஒனாலென்னாதான். தான் பின்னிவிட்ட பின்னல்களைத் தானே அறுத்தாள். அப்போது பொனோலோ ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வீட்டுக்காரங்களும் அழுதாங்க. 'வாசல் கேட்டைப் பூட்டித்தானே வச்சிருந்தோம், பூட்டித்தானே வச்சிருந்தோம்'னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. பூட்டித்தான் இருந்துச்சு, அக்கா. நிஜமாவே பூட்டித்தான் இருந்துச்சு."

ஊர் விதியும் அதைத்தான் கேட்டது. நீச்சல் குளம் உள்ள வீட்டைச் சுற்றி ஆளுயரச் சுவரும் பூட்டிய வாசலும் இருந்தால் போதும். ஒனாலென்னா அதை மாற்றச் சொன்னாள். குளத்தைச் சுற்றித் தனியாக ஒரு வேலி, அதில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அவ்வளவுதான் தீர்மானம்.

அதை எதிர்த்து முதலில் எழுந்தவர் தியூனிஸ் க்ராமர். மேட்டுத் தெருவின் கவுன்சிலர், ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர். நல்ல உடம்பு, நல்ல குரல். மைக் அவருக்குத் தேவையே இல்லை.

"என் வீடு. என் சுவர். என் தண்ணி. சுவருக்கு மேல மின்கம்பி வேற போட்டிருக்கேன், பூனைகூட யோசிச்சுத்தான் ஏறும். இப்போ என் கொல்லைக்குள்ளயே எனக்கு வேலி போடச் சொல்றாங்க. நாளைக்கு என்ன, அடுப்பைச் சுத்தி வேலியா? மாடிப்படியைச் சுத்தி வேலியா? பிள்ளையைப் பாத்துக்க வேண்டியது பெத்தவங்க வேலை, நகராட்சி வேலை இல்ல."

அது எதிர்பார்த்ததுதான். அடுத்து எழுந்தவர் கீழ்ப் பகுதியின் மூத்த கவுன்சிலர், அவள் கட்சியின் மொகுவே. ஊரே மரியாதையாக 'ரா மொகுவே' என்று அழைக்கும் மனிதர்.

"என் பகுதியில பொம்பளைங்க தலையில குடம் சுமக்குறாங்க. குழாய் வரட்டும்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நம்ம தங்கச்சி என்னடான்னா பணக்காரன் தண்ணிக்கு வேலி போடுறதுக்குக் கூட்டம் கூட்டுது! தாகத்துல இருக்கிறவன்கிட்டப் போயி, பக்கத்து வீட்டுக்காரன் மூழ்கிடப்போறான், பாத்துக்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவை சிரித்தது. ஓட்டெடுப்பில் ரா மொகுவேயின் கை எதிர்ப்பக்கம் உயர்ந்தது.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் அவரைப் பிடித்தாள். "ரா, செத்தது மேட்டுத் தெருப் பிள்ளை இல்ல. உங்க பகுதிப் பிள்ளை."

"தெரியும்மா. அடக்கத்துக்கு நானும் வந்தேன்." அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். "ஆனா நீ உள்ள பேசினப்போ அது யார் பிள்ளையாவும் இல்லையே. 'ஒரு குழந்தை'ன்னு சொன்ன. ஒரு குழந்தைக்காக எவன் கை தூக்குவான்?"

பொனோலோவின் துக்கத்தை ஊர்ச் சபையில் விரித்துப் போட வேண்டாம் என்று நினைத்துத்தான் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

க்ராமர் காரை எடுத்துக்கொண்டு வந்தவர், கண்ணாடியை இறக்கினார். தோற்றவளைப் பார்த்து அவருக்கு இரக்கமா குறும்பா தெரியவில்லை.

"ஏம்மா கவுன்சிலர், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. கறி சுடுறோம். என் குளத்தைப் பாரு, என் சுவரைப் பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு."

"வரேன், ஊம் தியூனிஸ்." பெரியவர்களை மாமா என்று கூப்பிட அவர் மொழியில் 'ஊம்'. "வயிறு நிறைய சாப்பிட்டுட்டு உங்களோடயே சண்டை போடுவேன்."

"அதுக்குத்தானே கூப்பிடுறேன்!"

ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்ததும், காரமாகச் சமைத்த பீன்ஸ் கூட்டை ஒரு பெரிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள். க்ராமரின் மனைவி ஹெஸ்டர் வாசலுக்கே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டு மனுசன் உன்னைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காரு. அவரை எதிர்த்து நிக்கிற தைரியம் எனக்கே வர ரொம்ப நாளாச்சு" என்று கண்ணடித்தாள்.

கொல்லை அழகாகத்தான் இருந்தது. ஜக்கரண்டா மரம் சொரிந்த ஊதாப் பூக்கள் குளத்தில் மிதந்தன. சுவர் இரண்டு ஆள் உயரம். அடுப்பில் தொத்திறைச்சி சுருள் சுருளாகப் பொரிந்தது. க்ராமரின் மகள், மருமகன், பக்கத்து வீட்டுத் தம்பதி என்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. நடுவில் ஓடித் திரிந்தாள் பேத்தி மினெட். நடக்கப் பழகி ஓடவும் பழகிவிட்ட, நிற்க மட்டும் பழகாத வயசு.

"பாத்தியா?" க்ராமர் இடுக்கியால் சுற்றிக் காட்டினார். "இத்தனை கண்ணு. இந்த வீட்டுல ஒரு பிள்ளைக்கு இத்தனை பேர் காவல். உன் வேலி எதுக்கு?"

"கண்ணு நிறைய இருக்கு, ஊம். அது பிள்ளை மேலதான் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"வாயாடி!" என்று சிரித்து அவள் தட்டில் கறியை வைத்தார்.

பேச்சு ரக்பி ஆட்டத்துக்குத் தாவியது. பிறகு மின்வெட்டுக்கு. மின்வெட்டு என்று வந்துவிட்டால் சாண்ட்ருஸ்டில் யாரையும் நிறுத்த முடியாது, ஒனாலென்னாவும் சேர்ந்துகொண்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மகள்தான் திரும்பிப் பார்த்தாள்.

"மினெட் எங்க? அம்மா, உங்ககிட்ட இருக்காளா?"

"உன் புருசன்கிட்டல்ல இருந்தா?"

"இல்லையே, மாமா தூக்கிட்டுப் போனாரே..." என்று மருமகன் க்ராமரைப் பார்த்தான்.

க்ராமரின் கையிலிருந்து இடுக்கி விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. எல்லாக் கால்களும் ஒரே திசையில் ஓடின. ஒனாலென்னாவும் ஓடினாள். க்ராமர் அந்தப் பருத்த உடம்போடு முதல் ஆளாகப் போய்ச் செருப்போடு குளத்தில் குதித்தார். நீர்மேல் பூ மூடிக் கிடந்ததால் அடி தெரியவில்லை. இரண்டு கையாலும் பூவை விலக்கினார், மூச்சைப் பிடித்து மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். மகள் கரையில் மண்டியிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒனாலென்னாவின் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது: பூட்டித்தான் இருந்துச்சு, அக்கா.

"இங்க இருக்கா! இங்க இருக்கா!"

ஹெஸ்டரின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. துவைக்கப் போட்ட துணிக்கூடைக்குள், தாத்தாவின் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தாள் மினெட். இத்தனை கூச்சலுக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் சாய்ந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அடுப்பில் கறி கருகி நாறியது. க்ராமர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். தலையிலும் தோளிலும் ஊதாப் பூ.

ஒனாலென்னா துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தாள். இப்போது என்ன சொன்னாலும் அது அடிப்பது போலாகும் என்று துண்டை மட்டும் நீட்டினாள். அவராகத்தான் வாயைத் திறந்தார்.

"யாரும் வாசல் பக்கம் ஓடல."

"இல்ல, ஊம்."

"சுவர்கிட்ட ஒருத்தரும் போகல. நானே போகல. நேரா இங்க வந்தேன்." தண்ணீரைப் பார்த்தார். "அப்போ எனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. இத்தனை நாளா தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

துண்டை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். துணிக்குள்ளிருந்தே கேட்டார். "அந்தப் பையன் பேரு என்ன?"

சொன்னாள். அவர் அதை மெதுவாக, உச்சரிப்புத் தவறாமல் வர முயன்று, ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் ஒனாலென்னா கடையைத் திறக்காமல் பொனோலோவின் வீட்டுக்குப் போனாள். தீர்மானத்தை மறுபடி கொண்டுவரப் போவதைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உன் பிள்ளையைப் பத்தி நான் அங்க பேசலாமா? வேணாம்னா வேணாம்."

பொனோலோவின் தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "போன தடவை நீ 'ஒரு குழந்தை'ன்னு சொன்னியாமே. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவனுக்குப் பேர் இல்லையா அக்கா? பேரைச் சொல்லு. நான் வந்து உக்காந்து கேக்குறேன்."

அவள் தனியாக வரவில்லை. அடுத்த கூட்டத்தன்று பார்வையாளர் பகுதியில் உட்கார இடமில்லை. மேட்டுத் தெரு வீடுகளில் பிள்ளை பார்க்கிற, தரை துடைக்கிற பெண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் ரா மொகுவேயின் பகுதி. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

ஒனாலென்னா ஒராடிலேயின் பெயரைச் சொன்னாள். அவனுக்கு மாம்பழம் பிடிக்கும் என்பதைச் சொன்னாள். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடர்ந்தாள். கடைசியில், "சுவர் திருடனுக்குக் கட்டுனது. நம்ம பிள்ளைங்க சுவருக்கு உள்ளதான் இருக்காங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

க்ராமர் எழுந்ததும் அவரது பகுதிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தீர்மானத்துல ஒரு திருத்தம் வேணும்" என்றார். "வேலி போட வசதி இல்லாதவங்க, பிள்ளை மேல விழுந்தாலும் தாங்குற வலையைக் குளத்துக்கு மேல கட்டிக்கட்டும். அதையும் சேருங்க. சேத்தா என் கை மேல போகும்."

"ஊம், வெயில் தலைக்கு ஏறிருச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தலைக்கு இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை இடுப்பு வரைக்கும் தண்ணியில நின்னேன்" என்றார் க்ராமர். "வேற கேள்வி இருக்கா?" வேறு கேள்வி இல்லை.

ரா மொகுவே கடைசியாக எழுந்தார். "நானும் கை தூக்குறேன். ஆனா அடுத்த தீர்மானம் என் குழாய். அன்னைக்கு ஊம் க்ராமர் கை எங்க இருக்கும்னு இப்பவே தெரியணும்."

"கணக்கைக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார் க்ராமர்.

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். போன மாசம்னா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

தீர்மானம் நிறைவேறியது. பார்வையாளர் பகுதியில் குலவை கிளம்பியது. தலைவர் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பொனோலோ மட்டும் குலவையிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக, ஒனாலென்னாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருமுறை தலையசைத்தாள்.

கோடை உச்சிக்கு வந்தபோது ஒருநாள், கை நிறையப் பாதிப் பின்னலோடு இருந்த ஒனாலென்னாவின் போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள்.

"ஏம்மா கவுன்சிலர்! உன் கதவு மனுசனைக் கொல்லுது. ரெண்டு கையிலயும் தட்டை வச்சுக்கிட்டுத் திறக்கவே முடியல. திறந்தா, உள்ள போறதுக்குள்ள முதுகுல வந்து அறையுது."

"நல்ல கதவுதான் போல, ஊம்."

"நல்ல கதவுதான், சனியன்." அவர் குரலுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து உலுக்கும் சத்தமும் கோபமான சின்னக் குரல் ஒன்றும் கேட்டன. "கேக்குதா? வேலியைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டுறா. 'கெட்ட தாத்தா'வாம். திறந்து விடச் சொல்றா."

"திட்டட்டும் ஊம். நல்லா திட்டட்டும்" என்றாள் ஒனாலென்னா.

நாற்காலியில் இருந்த பெண், பாதித் தலையோடு திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, நல்ல சேதியா?"