சின்னதாக ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரர் இயேசுதாசனைக் கர்த்தர் ஊழியத்துக்கு அழைத்துவிட்டாராம். சபையே சொல்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஜோசபின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் புருஷன் பேசினால் கல்லும் கரைகிறது என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்குத் தெரியாது.

கல்லைக் கரைக்கும் அந்தப் பேச்சு எங்கே தயாராகிறது என்று அக்காவுக்குத் தெரியாது. தோ பாயோவில், எங்கள் மூன்றறை வீட்டுச் சமையலறையில். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபை வழக்கப்படி வீட்டுத் தலைவர்தான் தேவசெய்தி கொடுக்க வேண்டும். வீட்டுத் தலைவி பாட்டுப் பாடலாம், சாட்சி சொல்லலாம், மிச்ச நேரத்தில் தேநீர் கலக்கலாம். ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்துவிட்டுக் களைத்து வருகிற மனிதருக்கு, நான் வெங்காயம் நறுக்கியபடியே அன்றைய வசனத்தை விளக்குவேன். எதை முதலில் சொல்வது, எதில் முடிப்பது எல்லாம் என் ஏற்பாடு. அவர் முன்னறைக்குப் போய் அதை அப்படியே சொல்வார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். அது மட்டும் நான் சொல்லிக்கொடுக்காதது.

கல்யாணமான புதிதில் அவர் கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை போடுகிற கிறிஸ்தவர், அவ்வளவுதான். சனிக்கிழமையானால் நாலு நம்பர் லாட்டரிக் கடை வரிசையில் நிற்பார். நான் முழங்கால் தேய ஜெபித்து அவரைச் சபைக்கு இழுத்து வந்தேன். முதலில் கடைசி பெஞ்சு, பிறகு நடு பெஞ்சு, அப்புறம் காணிக்கைத் தட்டு பிடிக்கிற வேலை. இழுத்து வந்தவள் பெண்கள் பக்கம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

எழுபத்தொன்பதில் ஈஸ்டர் முடிந்ததும் சபை ஒரு முடிவுக்கு வந்தது. அவரை மூன்று வருஷம் வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பலாம். பட்டறை வேலையை அவர் விட வேண்டும். ரேடியோ தொழிற்சாலையில் நான் வாங்குகிற சம்பளத்தில் வீடு ஓட வேண்டும். அந்தக் கல்லூரிக்குப் போக முன்பு நானும் ஒரு தடவை பாஸ்டர் அலெக்சாண்டரிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவதே எவ்வளவு பெரிய ஊழியம் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர், கோபப்படக்கூட முடியாத அளவுக்கு நல்லவர்.

அனுப்புவதற்கு முன்னால் பாஸ்டரும் இரண்டு மூப்பர்களும் வீட்டுக்கு வருவார்கள். புருஷனிடம், எப்போது அழைப்புக் கிடைத்தது என்று கேட்பார்கள். மனைவியிடம், சம்மதமா என்று கேட்பார்கள். மனைவி முடியாது என்றால் அனுப்ப மாட்டார்கள். ஆக, என் கையிலும் ஒரு வார்த்தை இருந்தது. ஒரு வாரமாக அந்த 'முடியாது'வை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு முன்னறைக்கு வந்தபோது பாஸ்டர் அழைப்பைப் பற்றிக் கேட்டுவிட்டிருந்தார். இவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பதிமூணு வயசு பாஸ்டர். செம்பவாங்ல கன்வென்ஷன் கூட்டம். கூடாரத்து மேல நல்ல மழை. ஊழியத்துக்கு யார் உங்கள ஒப்புக்கொடுக்கிறீங்கன்னு கேட்டாங்க. நான் எழுந்து நின்னேன்."

பதிமூன்று வயதில் இவர் உட்லண்ட்ஸ் பக்கம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கன்வென்ஷன் என்றால் என்ன என்றே தெரியாது. அந்தக் கூடாரத்தில் எழுந்து நின்றது நான். நின்ற என்னை ஒரு பெரியவர் தோளைப் பிடித்து அழுத்தி, பையன்களைத்தான் கேட்கிறார்கள் என்று உட்கார வைத்தார். இதை என் ஆயுளில் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், தேக்காவில் யூசுப் பாய் கடையில் சூப்பு குடிக்கும்போது, இவரிடம்.

என் அழைப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதையாவது பொறுத்திருப்பேன். அவர் கதையில் அவரை யாருமே உட்கார வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாஸ்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். சம்மதமா என்று கேட்டார். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"பாஸ்டர், அங்க நின்னது இவரில்ல, நான். தோளைப் புடிச்சு என்னை உட்கார வச்சாங்க. அதை இவரு சொல்லல."

மூப்பர் ஒருவர் கோப்பையை எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முடிந்தது, இனி இவர் எங்கேயும் போகப்போவதில்லை என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இவர் தலையைத் தூக்கினார்.

"பொய் சொல்லணும்னு இல்ல லா பாஸ்டர். எப்பன்னு நீங்க கேட்டதும் எனக்கு அது ஒண்ணுதான் வந்துச்சு. தேக்காவுல இவ அதைச் சொல்லி அழுதா. அன்னைக்குத்தான் எனக்குள்ள என்னவோ ஆச்சு. எனக்குன்னு வேற குரல் எதுவும் கேட்கல. இவ குரல்தான்."

இதை ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? வேண்டுமென்றே திருடியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

மூப்பர்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். மனைவியின் வாயிலிருந்து வந்த அழைப்பு, முதலில் சொன்னதைவிட இதுதான் பெரிய சாட்சி, வருகிற ஞாயிறே சபையில் இதைச் சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டர். இவர்தான் சொல்ல வேண்டுமாம். என் கதையைப் பிடுங்கி வாங்கினேன், அதுவும் மறுபடி அவருடையதாகிவிட்டது. தோளைப் பிடித்து உட்கார வைக்கப்பட்ட பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சம்மதத்தையும் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சிஸ்டர், சின்னதா ஒரு ஜெபம் பண்ணி முடிச்சிடுங்க."

முடிவு ஜெபம் பெண்கள் செய்யலாம், அதற்குத் தடையில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து கண்களை மூடினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெபிக்கிறவள் ஆமென் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. நான் எழுந்து நின்றேன்.

"ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளும். மூன்று வருஷம் நான் சம்பாதித்துப் போடுகிறேன். ஆனால் நான் இவர்மேல் பொறாமைப்படுகிறேன். உமக்கும் எரிச்சல் உண்டென்று வேதத்தில் நீரே சொல்லியிருக்கிறீர், ஆகையால் என்னைக் கடிந்துகொள்ளாதேயும். அந்த மழையில் நீர் பையன்களை மட்டுமா கூப்பிட்டீர்? எனக்கும் கேட்டதே."

அங்கே நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்காக மனதில் வைத்திருந்த செய்தியை எடுத்தேன். வேதத்தில் வருகிற ஆகாரைப் பற்றியது. வீட்டை விட்டு விரட்டப்பட்ட வேலைக்காரியை வனாந்தரத்தில் தேவதூதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை, முதலிலிருந்து, நிதானமாக, என் வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன். தேநீர் ஆறிப்போயிருக்கும். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாக, "ஆமென்" என்றார். மூப்பர்கள் இரண்டு பேரும் அவசரமாக ஆமென் என்றார்கள். இவர் குரல் மட்டும் கேட்கவில்லை.

நான் முடிக்கவில்லை.