பச்சை வாளிக்குப் பின்னால்

ஹவானாவின் லாட்டன் மேட்டில் பிலிபெர்த்தோவின் மொட்டைமாடியைவிட உயரமான இடம் வேண்டுமென்றால் விமானம்தான் ஏற வேண்டும். அங்கே துணி காயப்போட்டால் மேகம் உரசி மறுபடி நனைந்துவிடும் என்று கீழ்வீட்டு பார்பரோ சொல்வார். அந்த உயரத்துக்காகத்தான் ஒரு காலத்தில் பேட்டைப் பிள்ளைகள் ஆன்டெனாவையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு மாடிப்படி ஏறினார்கள். ஹவானாவில் அப்போது இன்டர்நெட் என்றால் சுற்றுலாக்காரர்கள் ஓட்டல்களில் அனுபவிக்கும் ஏதோ ஒரு சுகம், அவ்வளவுதான். பிள்ளைகள் காத்திருக்கவில்லை. மாடிக்கு மாடி கேபிள் இழுத்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, புறாக்கூண்டைத் தாண்டி, தங்களுக்கென்று ஒரு வலையைப் பின்னிக்கொண்டார்கள். அந்த வலையின் நடுமுடிச்சு பிலிபெர்த்தோ வீட்டு மாடியறை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் விசிறி சுழல ஆரம்பித்தால் ஹெலிகாப்டர் இறங்குகிறதென்று நாய்கள் தெருவுக்கு ஓடிவரும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் பார்பரோவின் மகள் லியுத்மிலா ஒரு விளையாட்டைச் செய்தாள். பெயர், ‘கேப்டன், என்னைப் பாருங்க’. வியாழன் கோளைச் சுற்றும் ஒரு விண்வெளி நிலையம். விளையாட வருகிறவர் எல்லோரும் முதலில் கக்கூஸ் கழுவும் கடைநிலை ஊழியர். மேலே ஏற வேலை தெரிய வேண்டியதில்லை. நிலையத்தில் ‘பால்கனி’ என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு பால்கனி. தன் செய்தியைத் துணி மாதிரி அதில் தொங்கவிட வேண்டும், பார்க்கிறவர்கள் கையாட்டுவார்கள். அதிகம் கையாட்டு வாங்கியவர் அதிகாரி ஆவார். திடீரென்று எரிகல் வந்து மோதும். அப்போது நிலையத்தின் ஓட்டையை அடைக்கிறவருக்குப் பால்கனியில் நிற்க நேரம் இருக்காது, ஆகவே உயிர்காக்கும் படகில் அவருக்கு இடமும் இருக்காது. ஓட்டையோடு தன்னைப் படம் பிடித்துத் தொங்கவிட்டவர் தப்பித்துவிடுவார்.

கேப்டனின் ஒலிபெருக்கி அறிவிப்புகளை எழுதியது பிலிபெர்த்தோ. முப்பது வருஷம் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் வராத வண்டிகளை வரும் வரும் என்று அறிவித்து ஓய்வுபெற்றவருக்கு அது வெல்லம் தின்கிற வேலை. ‘தோழர்களே, இந்த வாரப் பிராணவாயு வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு மூச்சு. ரேஷன் புத்தகம் கொண்டுவரவும்.’ ‘புவியீர்ப்பு பழுதுபார்க்கப்படுகிறது. சூப்பை இறுகப் பிடித்துக்கொள்ளவும்.’ பேட்டையே படித்துவிட்டுச் சிரித்தது. ஒரு பல்செட் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, தெருவில் போன சைக்கிள்காரனைக் கடித்ததாகக்கூடக் கேள்வி.

விஷயம் என்னவென்றால், சமூக வலைத்தளம் என்பதை அவர்கள் யாருமே கண்ணால் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரிகள் சொல்லக் கேள்விதான். கிண்டல் செய்ய அது போதும். செய்து முடிக்கத்தான் போதாது. ஒருவர் இன்னொருவரிடம் நட்பு கேட்கலாம் என்று லியுத்மிலாவுக்குத் தெரியும், எப்படிக் கேட்பார்கள் என்று தெரியாது. பிலிபெர்த்தோவிடம் கேட்டாள். வேறெப்படி, வரிசையில் நின்றுதான் என்று அவர் சொல்லிவிட்டார். இந்த ஊரில் ரொட்டிக்கு வரிசை, பல்பிடுங்க வரிசை, நட்பு மட்டும் சும்மா கிடைத்துவிடுமா?

ஆகவே அந்த விளையாட்டில் யாரோடாவது நட்பாக வேண்டுமென்றால் அவர் பால்கனிக்கு முன்னால் போய், ‘யார் கடைசி?’ என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். முறை வரும்போது ஒரே ஒரு வரி சொல்லலாம். பால்கனிக்காரருக்குப் பிடித்திருந்தால் நட்பு. முன்னால் நிற்பவர் தானாகப் போனால் ஒழிய அவரைத் தாண்ட முடியாது. சற்று வெளியே போகிறவர் பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம், இடம் அவருடையதாகவே இருக்கும். ஊரில் ரொட்டிக்கடையில் எப்படியோ அப்படி. இந்தச் சட்டங்களை அச்சுப் பிசகாமல் எழுதவைத்ததும் பிலிபெர்த்தோதான். பின்னால் அதே சட்டம் அவர் கழுத்தைப் பிடித்தது.

எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் நெரெய்தா இருந்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸ், கணவரை இழந்தவள், கம்பீரமான குரல். விளையாட்டில் அவள் சனிக்கோளிலிருந்து வந்த மூன்று கண் அழகி, அது அவள்தான் என்று பேட்டைக்கே தெரியும். நிலையத்திலேயே நீண்ட வரிசை அவள் பால்கனிக்கு முன்னால்தான். வால் போய்ச் செவ்வாய்க் கோளைத் தொட்டது. நிஜத்தில் பிலிபெர்த்தோ அவளைத் தெருவில் பார்த்தால், “இன்னைக்குப் புழுக்கமா இருக்குல்ல” என்பார். மழை கொட்டும்போதும் அதையேதான் சொல்வார். பேட்டையையே சிரிக்கவைத்த நாக்கு அவளைக் கண்டதும் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால், ‘ஒலிபெருக்கி’ என்ற பெயரில் அவள் வரிசையில் போய் நின்றார். யார் கடைசி என்று கேட்டார். ‘பச்சை வாளி’ என்றொரு ஆள் கையைத் தூக்கியது.

மற்றபடி யார் எந்த வீட்டிலிருந்து எந்தப் பெயரில் விளையாடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பச்சை வாளி ஆணா பெண்ணா என்றுகூட அவர் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பேச ஊர்ப்பட்ட விஷயம் இருக்கிறதே. இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் வரும் கதை, எலும்பில்லாமல் சூப் வைக்கும் வித்தை, செத்துப்போனவர்களின் குறட்டை. பிலிபெர்த்தோ தன் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை, அவ்வளவு கேட்டதும் இல்லை. தான் சொல்லப்போகும் அந்த ஒரு வரியைக்கூடப் பச்சை வாளியிடம் காட்டித் திருத்திக்கொண்டார். ‘நிலாவை எடுத்துடு’ என்று ஒருநாள் அது எழுதியது. ‘நாள் பூரா அடுத்தவன் வாயைப் பாக்கறவகிட்ட நிலாவைப் பத்தி எதுக்கு?’ அவர் நிலாவை எடுத்துவிட்டார்.

பச்சை வாளிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். யார் வந்தாலும், ‘இவங்க எனக்கு முன்னாடியே நின்னவங்கதான்’ என்று இடம் விட்டுவிடும். வரிசை நகரவே நகராது. பிலிபெர்த்தோ முணுமுணுப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் மாடிக் கேபிள்களையெல்லாம் இறக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. துக்கவீட்டில் பந்தல் பிரிக்கிற மாதிரி பிள்ளைகள் கேபிளைச் சுருட்டினார்கள். கடைசி மாலையில் பச்சை வாளி எழுதியது: ‘கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். என் இடத்தைப் பாத்துக்க.’ பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் அடித்து முடிப்பதற்குள் திரை இருண்டது. அதன் பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது, நிஜமான வலைத்தளமும் வந்தது. பிலிபெர்த்தோ அதில் ஒரு வாரம் இருந்து பார்த்தார். வரிசையே இல்லாத இடத்தில் யாரோடு பேசுவது என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டார்.

இப்போது நெரெய்தா கிளம்புகிறாள். ஸ்பெயினில், சரகோசாவில் இருக்கும் மகனிடம் போகிறாள், செவ்வாய்க்கிழமை விமானம், வீட்டையும் விற்றாகிவிட்டது. செய்தியைக் கொண்டுவந்த பார்பரோ, நண்பர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிர்வீடுதான், பன்னிரண்டு எட்டு வைத்தால் வாசல் வந்துவிடும், போய்ச் சொல்லித் தொலை என்றார்.

“எனக்கு முன்னாடி ஆள் இருக்குய்யா” என்றார் பிலிபெர்த்தோ.

“எந்த ஆளு?”

“பச்சை வாளி.”

பார்பரோ கூரையைப் பார்த்தார். “யோவ், செத்துப்போன விளையாட்டுல நிக்கற வரிசை அது. உனக்கு வயசாச்சு, அவளுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இன்னும் வரிசையாம்.”

“இடத்தைப் பாத்துக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.”

அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று பார்பரோவுக்குத் தெரியும். மொந்தெவிதேயோவில் இருக்கும் மகளைப் போனில் பிடித்தார். கம்ப்யூட்டரை எழுப்பும் வழியை லியுத்மிலா அங்கிருந்தே சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் அது தும்மி, இருமி, பாதி பேட்டை நாய்களைத் தெருவுக்கு வரவழைத்துவிட்டு எழுந்து நின்றது. வரிசை விட்ட இடத்திலேயே அப்படியே இருந்தது. நெரெய்தாவிடம் பார்பரோவே போய், போவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் என்று கேட்டார். அவள் சரியென்று சொல்லி, ரொட்டிக்காகத் தினமும் கயிற்றில் இறக்கும் பிரம்புக்கூடையை இறக்கினாள். கேபிளின் நுனி கூடையில் ஏறிப் போயிற்று. தெருவுக்கு நடுவே கேபிள் தொங்கியது. பேட்டைக்கு மறுபடி பூணூல் போட்ட மாதிரி இருந்தது.

வரிசையில் இருந்தவர்களை லியுத்மிலா விசாரித்து விசாரித்து ஹூஸ்டனிலும் மாட்ரிடிலும் தேடிப் பிடித்திருந்தாள். ஒவ்வொருவரும் போனில் தங்கள் வரியைச் சொன்னார்கள், பார்பரோ ஒற்றை விரலால் அதை அடித்தார். ஒருவன், ஊசி போடும்போது நீங்கள் பாடிய பாட்டை என் பிள்ளைக்குப் பாடுகிறேன் என்றான். ஒருத்தி ஒன்றும் சொல்லவராமல், தெருவில் இப்போது என்ன வாசனை அடிக்கிறது என்று மட்டும் கேட்டாள். கொண்டைக்கடலை கலந்த காப்பி கருகும் வாசனை என்று பார்பரோ சொல்ல, அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்து முகர்கிற சத்தம் கேட்டது. எதிர்மாடியிலிருந்து நெரெய்தா எல்லோருக்கும் கையாட்டினாள். வரிசை நகர்ந்து நகர்ந்து கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பச்சை வாளி, ஒலிபெருக்கி.

பச்சை வாளி யாரென்று யாருக்கும் தெரியவில்லை. லியுத்மிலாவுக்கே தெரியவில்லை. மாமா, புரோகிராமில் ஒரு வரி மாற்றினால் அதை வரிசையிலிருந்து தூக்கிவிடலாம், தூக்கட்டுமா என்றாள். பிலிபெர்த்தோ வேண்டாமென்று தலையாட்டினார். அது போனில் தெரியாது என்று நினைவு வந்து, வேண்டாம் என்று வாயாலும் சொன்னார். பார்பரோ தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. எப்போதும் போலப் பேட்டை முழுக்க ஒரு ‘ச்சே’ எழுந்து அடங்கியது. சனங்கள் விசிறிக்கொண்டு பால்கனிகளுக்கு வந்தார்கள். பிலிபெர்த்தோ இருட்டிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று நினைத்தார். செவ்வாய்க்கிழமைக்குள் இந்தக் கிழட்டு யந்திரத்தை இன்னொருமுறை எழுப்ப முடியாது.

கீழே கயிறு உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். நெரெய்தா பால்கனியிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டிருந்தாள். பிரம்புக்கூடை இல்லை. தண்ணீர் பிடித்துக் குளிக்க வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பிளாஸ்டிக் வாளி. வெயில் படாமல் கிடந்ததால் அதன் பச்சை கொஞ்சமும் மங்கவில்லை.

“யார் கடைசி?” என்று அவள் கேட்டாள். மருத்துவமனைக் குரல், தெருமுனைவரை போயிற்று.

பிலிபெர்த்தோ படியிறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், அவர் ஒரு படியையும் தொடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். தெருவைக் கடந்து, தொங்கிய வாளிக்கு நேராகப் போய் நின்றார்.

“நான்தான்” என்றார். “பச்சை வாளிக்குப் பின்னாடி.”

அவர் நிற்பதைப் பார்த்து ஒருத்தி பையோடு வந்து பின்னால் நின்றாள். கோழி வந்திருக்கிறதா என்று கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர். வாளியில் என்ன வருகிறதென்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் வரிசை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்தது.

மேலேயிருந்து நெரெய்தா அவரையே பார்த்தாள். “பால்கனிக்கு வரவங்க ஒரு வரி சொல்லிட்டுப் போயிடறாங்க. வரிசையில நிக்கறவங்கதான் பேசறாங்க. அதான் நானும் வேற பேர்ல என் வரிசையிலயே வந்து நின்னேன். நகர்ந்தா நீ போயிடுவ. அதனாலதான் நகரல.” நேரில் இத்தனை வருஷம் நீங்க என்று பேசியவள், நீ என்றாள்.

அவர் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த வரி வாய்வரை வந்தது. அதை அவள் ஏற்கெனவே நாலைந்துமுறை திருத்தியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னைக்குப் புழுக்கமா இருக்கு என்று ஆரம்பிக்கப் பார்த்த நாக்கைக் கடித்து நிறுத்தினார்.

“நீ போயிட்டா எனக்கு முன்னாடி யாரு நிப்பா?”

வரிசை மொத்தமும் நிமிர்ந்து மேலே பார்த்தது. கோழி கேட்டவள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

நெரெய்தா கயிற்றை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். “விட்டுட்டா போறேன்? பின்னாடி நிக்கறவங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போறேன். பேரனைப் பாத்துட்டு வரேன். என் இடத்தைப் பாத்துக்க.”

“பாத்துக்கறேன்” என்றார் பிலிபெர்த்தோ. இந்தமுறை முழுசாகச் சொல்லி முடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். கயிற்றை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள், வாளியோடு. சரகோசாவிலிருந்து தினமும் போன் வருகிறது, எலும்பில்லாத சூப்பிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கிறது. காலையில் ரொட்டிக்கடைக்கு அவர் அந்தப் பச்சை வாளியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். வரிசையில் யாராவது வந்து, யார் கடைசி என்று கேட்டால் கையைத் தூக்குவார்.

“நான்தான். ஆனா எனக்கு முன்னாடி ஒரு அம்மா இருக்காங்க. கொஞ்சம் வெளிய போயிருக்காங்க, வந்துடுவாங்க.”

லாட்டனில் யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டே நிற்கிறார்கள்.