ஹாரனைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடலாம். இந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு பக்கம். கேட்டவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர்.

"சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு நம்ம ஹாரனுக்கு வருஷ நினைவுக் கூட்டம் வெச்சிருக்கேன். ஒரு பக்கம் எழுதிட்டு வந்து படிச்சிடும்மா. அதுக்கு மேல போனா ஆளுங்க எழுந்து போயிடுவாங்க" என்றார் போனில்.

"சார், நான் எழுதுறவ இல்ல. புரூஃப் பார்க்கிறவ."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. கமா பதினோரு வருடமாக ஓர் அச்சகத்தில் பிறர் எழுதியதில் பிழை திருத்துகிறாள். சொந்தமாக அவள் எழுதிய நீளமான வாசகம் அச்சகத்தின் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறது: "தாழ்ப்பாள் சரியாக விழாது, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்கவும்."

(கமா என்பது அவள் பெயரல்ல. ஹாரன் என்பதும் அவள் தோழியின் பெயரல்ல. இரண்டுக்கும் காரணம் உண்டு. வருகிறது, பொறுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போலத்தான் விடிந்தது." அடித்துவிட்டாள். எந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கத்துக்கு மாறாக விடிந்திருக்கிறது?

இரண்டாவது: "அவள் ஒரு மலர்." ஹாரன் இதைப் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டிருப்பாள். அடித்தாயிற்று.

மூன்றாவது: "இருபத்து நான்கு வயதில் கொல்லப்பட்ட என் தோழி, எனக்கு —"

இதை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நான்காவது: "ஹாரன் ஹாரன் அடிக்கவே மாட்டாள்." இது நிலைத்தது. இதிலிருந்து போவோம்.

3

டிரைவிங் ஸ்கூலின் சின்ன வெள்ளைக் காரில் ஹாரன் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் யாராவது குறுக்கே வந்தால், சொல்லித்தரும் அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்துவாள்: "அண்ணே! ஓட்டறவங்க புதுசு! உங்க உயிரு, உங்க இஷ்டம்!" அண்ணன்கள் தெறித்து ஓடுவார்கள். அதனால்தான் அவளுக்கு ஹாரன் என்று பெயர்.

"பின்ன ஹாரன் எதுக்குடி இருக்கு?" என்று கமா கேட்டாள்.

"வண்டி கத்தினா யாரு திரும்பிப் பார்க்கிறாங்கக்கா? மனுஷி கத்தினா பார்ப்பாங்க."

கமாவுக்குப் பெயர் விழுந்தது முதல் வகுப்பிலேயே. "நிறுத்துங்க" என்றதும் வண்டி லேசாகத் தயங்கியது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்தது. "புரூஃப் பார்க்கிறேன்னு சொன்னீங்க! முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னா கமா வைக்கிறீங்களேக்கா!" அன்று முதல் கமாக்கா.

கமாக்கா லைசென்ஸ் டெஸ்டில் நான்கு முறை தோற்றாள். நான்காவது முறை அதிகாரி பாதி வழியில் காரை விட்டு இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போனார். ஹாரன் அதைக் கொண்டாட ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். "மூணாவது தடவை அந்த ஆளு திட்டினாரு. இந்தத் தடவை பேச்சே வரலை பாருங்க. முன்னேற்றம்!"

அடிக்குறிப்பு: ஐந்தாவது டெஸ்ட் ஒரு வியாழக்கிழமை இருந்தது. கமா போகவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததுதான் அடுத்த பகுதி. அதன்பின் ஒரு வருடமாக அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை.

4

இங்கே அவன் வர வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் என்று கமா முடிவு செய்திருந்தாள். செய்தித்தாள்கள் ஏற்கெனவே அவனுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டன: என்ன படித்தான், எப்படி ஆசைப்பட்டான், எப்படி மனம் நொந்தான். ஹாரனுக்குக் கிடைத்தது "இளம்பெண்" என்ற ஒரு சொல். கணக்கு நேராகட்டும்.

அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவன், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி, அவள் மூன்று முறை மாட்டேன் என்ற பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, டிரைவிங் ஸ்கூல் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

முடிந்தது. அவன் போகலாம்.

[அவள் கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்கள்.]

அடைப்புக்குள் இருப்பதைக் கமா ஆறு முறை எழுதி ஆறு முறை அடித்தாள். ஏழாவது முறை அடிக்கவில்லை.

5

ஒரு சந்தேகம். ஹாரன் நிஜமாகவே இவ்வளவு வேடிக்கையானவளா, இல்லை, போனவள் என்பதால் கமா கூட்டிச் சொல்கிறாளா? வியாழக்கிழமை சாயங்காலம் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு ஹாரனின் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மாவுக்குத் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒரு பார்வையிலேயே எது எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

"'பொறுமையின் சிகரம்'. யாரு இது?"

"ஹாரன்தான்மா."

"என் பொண்ணா? பேஸ்ட் மூடி திறக்கலைன்னா பல்லால கடிச்சுத் துப்புறவ." அடுத்த வரிக்குப் போனார். "'எல்லோரிடமும் அன்பாகப் பேசுவாள்'. எங்கிட்ட ரெண்டு வாரமாப் பேசலைம்மா. அவ நீலச் சட்டையை இஸ்திரி போடறேன்னு தீய்ச்சிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலைலதான் வாயைத் திறந்தா."

கமா பேனாவை எடுத்தாள். "என்ன சொன்னா?"

"'என் இன்னொரு செருப்பு எங்க?'"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று கமாவால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு அடங்கவே இல்லை. அம்மா சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அழுகை என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்து, வாசலிலேயே விழித்துக்கொண்டு நின்றார்.

"கிடைச்சுதாம்மா?"

"கட்டிலுக்கு அடியில கிடந்துது. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தேன்."

"அப்போ அன்னிக்கு?"

"என்னோடதைப் போட்டுட்டுப் போயிட்டா."

இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒன்றும் இல்லை.

6

சனிக்கிழமை பத்து இருபது. டிரைவிங் ஸ்கூல் முற்றத்தில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், பூ வைத்த மேசை, பெரிதாக்கிய புகைப்படம். அம்மா அவற்றைப் பார்க்காமல் நேராக வெள்ளைக் காருக்குப் போய், சொல்லித்தருபவர் உட்காரும் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"கமா, ஒரு சுத்து ஓட்டு."

"அம்மா, நான் நாலு தடவை ஃபெயில்."

"தெரியும். சார் ஒழுங்கா ஓட்டுவாரு. நான் அழுதிடுவேன். நீயே ஓட்டு."

உரிமையாளர் பதறிக்கொண்டு பின்சீட்டில் தாவி ஏறினார். "நான் கூட இருந்தாத்தான் சட்டப்படி சரி!"

ஒரு வருடத்துக்குப் பிறகு கமாவின் கைகள் ஸ்டீயரிங்கைத் தொட்டன. வண்டி கிளம்பியது, நான்கு அடி போனது, குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது. உரிமையாளரின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

"நான் ஒண்ணும் பண்ணலை சார்!"

"அம்மா! காலுக்கடியில என்ன மிதிக்கிறீங்க?"

"என்னமோ இருந்துது, கால் வெச்சேன்."

"அது பிரேக்கும்மா! சொல்லித்தரவங்களுக்குன்னு தனி பிரேக்!"

அம்மா குனிந்து அதைப் பார்த்தார். "இதை மிதிச்சுத்தான் சம்பளம் வாங்கினாளா? ஓடி ஓடி வேலை பார்க்கிறேம்மான்னு எங்கிட்ட எவ்வளவு பீத்தினா!" என்று சொல்லி, வேண்டுமென்றே இன்னொரு தடவை அழுத்தினார்.

7

இனி முடிவு.

(அ) நீதிமன்றத் தீர்ப்போடு முடிக்கலாம். ஆனால் அது அவனுடைய முடிவு. அவனுக்கான வாக்கியம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

(ஆ) கமா ஐந்தாவது டெஸ்டில் தேறுகிறாள். அம்மாவிடம் கேட்டபோது, "கதைன்னாலும் ஒரு அளவு வேண்டாமா?" என்றார்.

(இ) நேரத்துக்குத் திரும்பி வருகிறார்கள், கமா மைக் முன்னால் நின்று அந்தப் பக்கத்தைப் படிக்கிறாள், இருபது நாற்காலிகளும் கண் கலங்குகின்றன. அழகான முடிவு. என்ன, பின்சீட்டில் கிடந்த அந்தப் பக்கத்தின் மேல்தான் உரிமையாளர் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். வண்டி ஒரு முக்குக்கு வந்து நின்றது. இடது பக்கம் திரும்பினால் ஐந்து நிமிடத்தில் நாற்காலிகள். வலது பக்கம் ஊரைவிட்டு வெளியே போகிற நீளமான சாலை; மரங்கள், வெயில், அதிகம் வண்டி இல்லை.

"மணி பதினொண்ணு" என்றார் உரிமையாளர். "எல்லாரும் காத்திருப்பாங்க. எந்தப் பக்கம்மா?" சற்று யோசித்து, "பெட்ரோல் நிறைய இருக்கு" என்றார்.

கமா இண்டிகேட்டரைத் தட்டினாள். கண்ணாடியில் வைப்பர் ஓட ஆரம்பித்தது. சுட்டெரிக்கும் வெயிலில், காய்ந்த கண்ணாடியில், கிரீச் கிரீச்சென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அம்மாவுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. திரும்பு என்று கையை மட்டும் நீட்டிக் காட்டினார். எந்தப் பக்கம் காட்டினார் என்று கமாவுக்குத் தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

பின்சீட்டில், உரிமையாளருக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஏறி உட்காருங்கள். அங்கிருந்து அம்மாவின் கை நன்றாகவே தெரியும். சீக்கிரம் சொல்லுங்கள், பின்னால் லாரி நிற்கிறது: இடதா, வலதா?