நட்சத்திரம் இல்லாத கப்பல்

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: ஸ்லாவிய இனத்தாருக்குக் கப்பல் என்ற சொல்லைக் கொடுத்தவர்கள் மாமல்லபுரத்தார். 1998இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் இது பலத்த கரவொலிக்கிடையே முடிவானது. அப்பீல் கிடையாது.

ஆதாரம் என்று மேடையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர் லக்ஷ்மிநாராயணன். கல்பாக்கத்தில் ரஷ்ய மொழிக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும் வேலை. ஆபீஸ் நேரம் போக, பத்து வருஷமாக ஒரே ஒரு பெயர்ச்சொல்லோடு குடித்தனம் நடத்தியவர். *கொராப்யி. ஆதி ஸ்லாவிய மொழிச் சொல். பொருள், கப்பல். ஆண்பால். கடைசி இகரம் பாதிதான் ஒலிக்கும். எந்த ஏட்டிலும் இல்லாத சொல். ரஷ்யன், போலிஷ் முதலிய பேரப்பிள்ளைகளின் முகஜாடையை வைத்து அறிஞர்கள் ஊகித்த தாத்தா. ஊகம் என்பதற்கு அடையாளம்தான் முன்னால் நிற்கும் நட்சத்திரக்குறி.

தாத்தாவின் பூர்வீகம் கிரேக்கம் என்றுதான் அவர் முடிவுக்கு வந்திருந்தார். தமிழாக இருந்தால் அவருக்கும் சந்தோஷம்தான், இல்லையே. சாயங்காலக் கடற்கரை நடையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த ஒரே மனிதர் சுப்புராமன். பக்கத்து குவார்ட்டர்ஸ், தமிழ் மன்றத் தலைவர். "நீ எழுதி முடி, நான் விழா எடுக்கறேன்" என்றவர்.

எடுத்தார். பேனரில் நட்சத்திரத்தைக் காணோம். "அழுக்கு மாதிரி இருந்துது, எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு மைக்கைப் பிடித்து, கொராப்யி தமிழ்க் கப்பலே என்று நண்பரின் பத்தாண்டு உழைப்பு நிரூபித்துவிட்டதாக முழங்கினார்.

லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். மைக்கை வாங்கினார். "இது தமிழ் இல்லை. கிரேக்கத்துலேர்ந்து வந்தது. நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

சுப்புராமன் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, புகழ்ந்தா எப்படிக் கூச்சப்படறார்? இதான் தமிழன் தன்னடக்கம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது.

பந்தியில் பக்கத்து இலை சுப்புராமனுடையது. "பத்து வருஷமா எதையுமே காதுல வாங்கலியா, சுப்பு?"

"எல்லாம் வாங்கினேன். கிரேக்கம்தான், சந்தேகமே இல்லை." அப்பளத்தை நொறுக்கினார். "அப்படி நோட்டீஸ் அடிச்சா யாரு வருவா, லக்ஷ்மி? உனக்காகத்தானே பண்ணேன். சாம்பார் வாங்கிக்கோ."

மறுநாள் சாயங்காலம் லக்ஷ்மிநாராயணன் கடற்கரைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மனைவி வசுமதி பொன்னாடையைப் பிரித்துத் தடவிப் பார்த்தாள்.

பாலியெஸ்டர்.